வேனுக்கு அடியில் ஒரு தொட்டி

நாச்சிமுத்துவின் நாலு ஏக்கரில் மூன்று இடத்தில் போர் போட்டும் புகைதான் பறந்தது. அதன்பிறகு லாரி ஓட்டினார். லாரிக்குப் பிறகு, ஐம்பத்து மூன்றாம் வயதில், இந்தக் கண் ஆஸ்பத்திரி வேன். ஊர் ஊராகப் போய் முகாம் போடுவதற்காக ஒரு பழைய பஸ்ஸை நாமக்கல் பட்டறையில் மாற்றிக் கட்டியிருந்தார்கள். முன்பாதியில் கண் பார்க்கும் அறை. பின்னால் நர்சும் ஆயாவும் படுக்க இரண்டு பலகை, கடைசியில் ஒரு கக்கூஸ். அதற்கு நேர் கீழே, வண்டியின் அடிவயிற்றில், கழிவு சேரும் இரும்புத் தொட்டி தொங்கியது.

குழி வெட்டி, பின்சக்கரத்துப் பக்கமிருந்த கம்பியை இழுத்துத் தொட்டியைக் காலி செய்ய ஓர் ஆள் இருந்தார். தை மாதம் அவர் வேலையை விட்டு நின்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதுமுதல் அந்த வேலை நாச்சிமுத்துவுடையது. ஊரில் பங்காளிகளுக்கு இது தெரியாது.

எண்பத்திரண்டாம் வருஷம் பங்குனியில் புதுச்சத்திரம் பள்ளி மைதானத்தில் முகாம். இரண்டாம் நாள் கம்பியை இழுத்தார். ஒரு வாளி அளவுக்குக் கலங்கல் நீர் வந்து நின்றுவிட்டது. தொட்டியைத் தட்டினார். டங்கென்று ஒலிக்காமல் மொத்தென்றது. பாதிக்கு மேல் கெட்டியாகிக் கிடந்தது. மூங்கிலை விட்டுக் குத்திப் பார்த்தும் அசையவில்லை.

“ரெண்டு நாள் யாரும் உபயோகிக்க வேண்டாம். சேலம் போய்ப் பாத்துக்கலாம்” என்றார் டாக்டர் குமாரசாமி. பொழுது சாய்ந்ததும் அவர் காரில் சேலம் போய்விடுவார்.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு, நோயாளி ஒருவருக்குக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்த நர்ஸ் நல்லம்மாள் அப்படியே சரிந்து விழுந்தாள். முந்தின நாளிலிருந்து அவள் தண்ணீரே குடிக்கவில்லை என்று டாக்டர் கண்டுபிடித்துத் திட்டினார். அவர் நகர்ந்தபின் நாச்சிமுத்து இளநீரை வெட்டிக்கொண்டு போனார்.

“ஏனுங்க நர்சம்மா, தண்ணி குடிக்கறதுக்கு என்னங்க?”

“குடிச்சா போகோணுமில்லீங்க. சுத்தியும் ஊடு. விடியறதுக்கு முன்னால ஆயாளக் கூட்டிக்கிட்டு ஓடைக்குப் போனா, அப்பறம் மறுநாள்தானுங்கண்ணா.”

அவர் கொஞ்சம் தயங்கிக் கேட்டார். “கக்கூசுக்குப் போனா எத்தன செம்பு ஊத்துவீங்க?”

“நீங்க சொன்னாப்பல ஒரே செம்புதானுங்க. மேல ஒரு சொட்டு ஊத்தறதில்லீங்க.”

மாசியில், தண்ணீர் சீக்கிரம் தீர்கிறதென்று சத்தம் போட்டு அந்தக் கணக்கை வைத்தவர் அவர்தான். வாடை தாங்காமல், தொட்டி நிறையுமுன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டவரும் அவர்தான். நீர் மட்டும் ஓடிப்போனது. மற்றது அடியில் தங்கிக் காய்ந்து இறுகியது.

“தப்பு எம்மேலதானுங்க” என்றவர், டாக்டரிடம் கேட்டு நோயாளிகளைப் பள்ளித் திண்ணைக்கு மாற்றிவிட்டு வேனை எடுத்தார்.

மைதானத்துக்குப் பின்னால் ஆத்தாயி என்ற அம்மாளின் தோட்டம். பம்புசெட்டுத் தண்ணீரும் குழி வெட்ட இடமும் கேட்டார். அந்த அம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“நீங்க சென்னியப்பண்ணன் பங்காளியில்லீங்களா?”

“ஆமாங்க.”

“நீங்களா இத எடுக்கறீங்க?”

“வேற ஆரு எடுப்பாங்க? வண்டி என்ர பொறுப்பு.”

“கெணத்துப் பக்கம் வேண்டாங்க. அந்தக் கோடியில தரிசு கெடக்குது. மம்முட்டி சாளையில இருக்குது” என்றாள்.

குடிசையிலிருந்து மண்வெட்டியை எடுத்துவந்து இடுப்பளவு குழி வெட்டினார். கக்கூஸ் வழியாகக் குழாயை விட்டு முக்கால் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பி, சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றினார். பிறகு குண்டும் குழியுமான வண்டித்தடத்தில் வேனை முன்னும் பின்னும் ஓட்டி, திடீர் திடீரென்று பிரேக் போட்டார். அடியில் தண்ணீர் மோதிப் புரளும் சத்தம் கேட்டது. குழிக்கு மேல் கொண்டுவந்து கம்பியை இழுத்தபோது பாதி இறங்கியது. மறுபடி நிரப்பி, மறுபடி ஓட்டினார். மூலையில் இறுகியது மட்டும் வரவில்லை. கக்கூஸ் தரையிலிருந்த தொட்டியின் மேல்தகட்டைக் கழற்றி, நீளக் காம்புக் களைக்கொத்தால் சுரண்டினார். ஒருமுறை வாந்தி எடுத்தார். முதுகு விட்டுப்போனது. வெயில் தாழ்ந்தபோதுதான் தெளிந்த நீர் வந்தது. குழியை மூடிச் சுண்ணாம்பு தூவினார்.

பம்புசெட்டில் மூன்று தடவை குளித்தும் நகக்கண்ணில் வாடை இருந்தது. ஆத்தாயி சோறு கொண்டுவந்தாள். உள்ளே கூப்பிடவில்லை, வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் இலை போட்டாள். நாச்சிமுத்து அதைக் கவனித்தார். பசி இருந்தது. சாப்பிட்டார்.

இருட்டும் முன் மைதானத்துக்குத் திரும்பி, வேன் கதவருகே நின்று நல்லம்மாளிடம் சொன்னார்: “இனிமே நாலு செம்பு ஊத்துங்க. அஞ்சு ஊத்துனாலும் ஊத்துங்க. தண்ணி கொண்டாறது என்ர வேலை.”

“சரிங்கண்ணா” என்றவள் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு உள்ளே போனாள்.

வைகாசியில் சென்னியப்பன் மகள் கல்யாணம். ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தவர்கள் நாச்சிமுத்து வீட்டைத் தாண்டிப் போனார்கள். திருச்செங்கோட்டு முகாமிலிருந்து ஒருநாள் விடுப்பில் வந்தவரிடம் மனைவி சௌந்திரம் அதைச் சொன்னாள். புதுச்சத்திரத்துச் சேதி ஊருக்கு வந்திருந்தது; அவளுக்குக் காரணம் முன்னமே தெரிந்திருந்தது.

“முகாம் இருக்குது, எப்படியும் போயிருக்க முடியாது” என்றார் அவர்.

“கூப்புடாட்டிப் போறாங்க, உடுங்க. சட்டையக் கழட்டுங்க, முதுகுக்குத் தைலம் தேச்சு உடறேன்” என்றாள் சௌந்திரம்.