நண்டுதின்னிக்கு இரண்டு சாட்சி

மூன்று வருஷத்தில் கனகராஜ் சொன்ன மூன்று பறவைகளைச் சங்கம் ஏற்கவில்லை. பொய் சொல்கிறான் என்று யாரும் சொன்னதில்லை. பறவை பார்ப்பவர்களின் அந்தச் சிறு சங்கத்தில் ஒரு விதி இருந்தது: அபூர்வமான பறவை என்றால் இரண்டு உறுப்பினர்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்ததைச் செயலாளர் கரீமுல்லா பென்சிலால் அடித்து, பக்கத்தில் 'ஊர்ஜிதம் இல்லை' என்று எழுதிவிடுவார்.

மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் போவார்கள். கனகராஜுக்குத் தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில் சேலை விரித்துக் காட்டும் வேலை. ஞாயிறும் கடை உண்டு. வார நாட்களில் விடிகிற நேரம் மேற்கு மாம்பலத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு தனியாகப் போவான். தனியாகப் பார்த்ததெல்லாம் பென்சிலுக்கு இரையானது.

குளிர்காலத்துப் பறவைகள் வடக்கே திரும்பி முடிந்ததும், ஏப்ரல் கடைசியில் கரீமுல்லா இரண்டு பக்கத்துக்கு ஒரு பட்டியலை மெழுகுத் தாளில் வெட்டி, உருட்டச்சில் பிரதி எடுத்து எல்லோருக்கும் அனுப்புவார். எந்தப் பறவை, எந்தத் தேதி, யார் பார்த்தது. இங்கிலீஷில் இருக்கும். கடையில் அதை யாருக்கும் காட்ட முடியாது. பெண்டாட்டி பேச்சியம்மாளுக்கு எழுத்தே தெரியாது. இருந்தாலும் அதில் தன் பெயர் வர வேண்டும் என்று கனகராஜுக்கு இருந்தது. ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

அந்த வருஷம், மார்ச் கடைசியில் ஒரு புதன்கிழமை, அடையாற்று முகத்துவாரத்தில் அதைப் பார்த்தான். அங்கே குறுக்கே கட்டியிருந்த பாலத்தின் ஒரு பகுதி இடிந்து ஆற்றோடு போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சீனிவாசபுரத்துப் பக்கமிருந்து ஏறினால் கொஞ்ச தூரம் நடக்கலாம், அப்புறம் பாலம் இருக்காது. கீழே கல்லும் தண்ணீரும். அந்த முனைதான் மணல்திட்டைப் பார்க்கத் தோதான இடம். திட்டில் நெஞ்சு சிவக்கத் தொடங்கிய உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே உயரமாக ஒன்று. வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பு, உளி போலத் தடித்த கறுப்பு அலகு. ஒரு நண்டைக் கவ்வி உதறிக் காலைக் கழற்றிக்கொண்டிருந்தது. நண்டுதின்னி. சங்கத்தில் யாரும் இந்த ஊரில் அதைப் பார்த்ததில்லை.

பாலத்துக் கைப்பிடியில் வலையை விரித்துப் போட்டிருந்த எல்லப்பன் சிரித்தான். நொச்சிக்குப்பத்துக்காரன், கட்டுமரம் வைத்திருப்பவன்.

"இன்னா நைனா, அந்த வெள்ளைப் பட்சியயா பாக்கற? மூணு நாளா இங்கதான் கீது. நண்டு ஒண்ணு வுடறதில்ல, துன்னுக்கினே கீது."

"ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டுக் கனகராஜ் சைக்கிளை எடுத்தான். அவனுக்கு ஓர் உறுப்பினர் வேண்டும். பக்கத்தில் இருந்தவர் மயிலாப்பூர் சுப்பராமன்.

சுப்பராமன் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து உறுப்பினர். ஜெர்மன் பைனாகுலர் வைத்திருந்தார். பாதிப் பட்டியலில் இரண்டாவது சாட்சி அவர்தான். விஷயத்தைக் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து கேரியரில் உட்கார்ந்துவிட்டார். சாந்தோம் தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

"அலகு எப்படி இருக்குன்னேள்?"

"கறுப்பு சார். தடியா இருக்கு. நண்டை உதறிக்கிட்டே இருக்கு."

"கால்?"

"சாம்பல். நல்ல நீளம்."

பாலத்தில் ஏறியபோது பறவை எழுந்துவிட்டது. சுப்பராமன் இன்னும் பைனாகுலரின் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அது தாழப் பறந்து, தெற்குக் கரையைத் தாண்டிக் கடல் பக்கம் போய் மறைந்தது. கனகராஜ் வாயைத் திறப்பதற்குள் சுப்பராமன் மணல்திட்டைப் பார்த்து நின்றுவிட்டார். திட்டில், வலை கட்டுவதற்காக ஊன்றிய ஒரு கழியில் வெள்ளைத் துணி முடிந்திருந்தது. காற்றில் ஆடியது.

"ஆஹா" என்றார் சுப்பராமன். "நன்னாத் தெரியறது. கறுப்பு அலகு. நண்டை உதறிண்டிருக்கு, பாருங்கோ."

கனகராஜ் அவர் முகத்தைப் பார்த்தான். பொய் சொல்கிற முகம் இல்லை. அவர் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தார், வழியெல்லாம் அவன் சொன்னதை. இன்னும் கிட்டே பார்க்க முனையை நோக்கி நடந்தார். உடைந்த விளிம்புக்கு நாலு அடி இருக்கும்போது கனகராஜ் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான்.

"என்னைப் பிடிக்க வேண்டாம், கனகராஜ். இந்தப் பாலம் எனக்குத் தெரியாதா?" என்று உதறினார்.

அங்கேயே வைத்துச் சொல்லியிருக்கலாம். சார், அது துணி. சொன்னால் நாலாவது பறவையும் போய்விடும். கனகராஜ் நோட்டை நீட்டினான். சுப்பராமன் கையெழுத்துப் போட்டார். கோட்டில் தொடங்கிய எழுத்து கீழ்க்கோட்டில் போய் முடிந்தது.

வீட்டு வாசலில் சுப்பராமனின் மனைவி கோமளம் காத்திருந்தாள். அவர் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"நீங்க கூடப் போறேளே, அவருக்குத் தூரத்துல தெரியறதா? காபித் தம்ளரைத் தேடறார். டாக்டராத்துக்கு வாங்கோன்னா எரிஞ்சு விழறார். தெரியலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போறும், நான் வாசப்படியைத் தாண்ட விடமாட்டேன்."

நோட்டு கனகராஜின் சட்டைப் பையில் இருந்தது.

"நல்லாத் தெரியுது மாமி. என் கண்ணை விட அவரு கண்ணு கூர்மை" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை சுப்பராமன் நண்டுதின்னியை இன்னொரு தரம் பார்க்கத் தனியாகப் போனார். மதியம் எல்லப்பன் கட்டுமரத்தில் அவரைக் கொண்டுவந்து கரையில் போட்டான். பைனாகுலரின் வார் கழுத்தில் இறுகியிருந்தது. நெற்றியில் கல்லில் அடிபட்ட காயம்.

கனகராஜுக்குச் செய்தி சனிக்கிழமை கடைக்கு வந்தது. அப்போது ஒரு கல்யாண வீட்டாருக்குச் சேலை விரித்துக்கொண்டிருந்தான். விரித்ததையெல்லாம் மடித்து வைத்துவிட்டுத்தான் போனான். மயானத்தில் ஓரமாக நின்றான்.

அதோடு முடிந்திருந்தால் அவன் சும்மா இருந்திருப்பான். பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் கோமளம் ஆள் அனுப்பினாள். போனான். அவள் எதிரே உட்காரச் சொல்லவில்லை, அவனும் உட்காரவில்லை.

"போலீஸ்காரா வந்து கேட்டா. கண்ணு தெரியுமா, தெரியாதான்னு. நன்னாத் தெரியும், கூடப் போறவரே சொன்னார்னு சொன்னேன். அப்படின்னா தானாத்தான் குதிச்சிருக்கணும்னு எழுதிண்டு போயிட்டா."

வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"சொந்தக்காரா யாரும் என் முகத்தைப் பாக்கறதில்லை. முத நாள் ராத்திரி சண்டை. ஆத்துல இருக்கப் பிடிக்கலைன்னா எங்கேயாவது போய்த் தொலையுங்கோன்னு நான்தான் சொன்னேன். அதான் போயிட்டாரா? நீங்க ரெண்டு நாள் முன்னாடி கூட இருந்தேளே. ஏதாவது சொன்னாரா? மனசு வெறுத்துப் பேசினாரா?"

சுவரில் சுப்பராமனின் சட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தெரியாது மாமி என்று சொல்லிவிட்டு எழுந்து வருவதற்குக்கூட வழி இல்லை, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தான்.

"அவருக்குக் கண்ணு தெரியல மாமி" என்றான். "அன்னைக்கு அவரு பாத்தது ஒரு கந்தல் துணி. பறவை அதுக்கு முன்னாலயே போயிட்டு. எனக்குத் தெரியும். அவரு கையெழுத்து வேணும்னு உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன். அவரு குதிக்கல. பாலம் முடிஞ்சது அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

கோமளம் அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை.

"ஒரு குருவிக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"இதைப் போலீஸ்ல சொல்லுவேளா?"

"சொல்லுதேன்."

அவள் உள்ளே போய்ப் பைனாகுலரை எடுத்து வந்தாள். கொடுக்கப்போகிறாளோ என்று ஒரு நொடி நினைத்த புத்தியை அவனே வெறுத்தான். அவள் அதை ஜன்னல் வழியாகப் பின்பக்கத்துக் கிணற்றில் எறிந்தாள். சத்தம் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"போங்கோ. இனிமே இந்தத் தெருவுல உங்களை நான் பாக்கக் கூடாது."

ஸ்டேஷனில் எழுத்தர் அவன் சொன்னதை எழுதிக்கொண்டார், இரண்டு முறை அவனை ஏற இறங்கப் பார்த்தார். அங்கிருந்து நேராகக் கரீமுல்லா வீட்டுக்குப் போனான். கரீமுல்லா இன்ஷூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா. மேஜை மேல் மெழுகுத் தாளில் பட்டியல் தயாராக இருந்தது. முதல் வரியில் நண்டுதின்னி, பக்கத்தில் இரண்டு பெயர்கள். சுப்பராமனின் பெயரைச் சுற்றிக் கட்டம் போட்டிருந்தார்.

"அவரோட கடைசிப் பதிவு. அதான் மேல வச்சேன்" என்றார்.

கனகராஜ் சொல்லி முடித்தான். கரீமுல்லா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டவில்லை. ரொம்ப நேரம் துடைத்தார்.

"ரெண்டு வருஷமா அவர் போட்ட கையெழுத்து அத்தனையும் அடிக்கணும் இப்போ" என்றார். "பறவை நிஜமா இருந்துச்சா, அதுவும் துணிதானா?"

"இருந்துச்சு பாய். நான் பாத்தேன்."

"வேற யாராவது பாத்தாங்களா?"

கனகராஜுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூணு நாளா இங்கதான் கீது.

"எல்லப்பன் பாத்தான்."

"எந்த எல்லப்பன்? நம்ம மெம்பரா?"

"நொச்சிக்குப்பத்துல மீன் பிடிக்கிறவன். சுப்பராமன் சாரைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வர நான் சைக்கிள்ல மயிலாப்பூர் போனேன், பறவையைப் பாத்த அவன் என் பக்கத்துலயேதான் நின்னான்."

கரீமுல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து முதல் வரியில் கோடு போட்டார். மெழுகுத் தாள் கிழிந்தது.