ஓடி வந்தவள்

"கதவைத் திறக்காதீங்க," என்றாள் போதகரின் மனைவி, குரலைத் தாழ்த்தி.

வாசலில் முதலாளியின் கார் ஹாரன் அடித்தது. சமையலறையில் கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவே சுருட்டை ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். முதலாளியின் தையல் கூடத்தில் காலர் தைப்பவள். தலைமுடியை வைத்து எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெண்கள் தங்கும் விடுதியை வெளியிலிருந்து பூட்டுவார்கள். காலையில் தண்ணீர் லாரிக்காகக் கதவைத் திறந்த சமயம் பார்த்து ஓடி வந்துவிட்டாள். காலில் செருப்புகூட இல்லை.

"எங்கம்மாவுக்கு ரொம்ப முடியலைக்கா. ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்னு கால்ல விழுந்தேன். ஒப்பந்தம் முடியாம வெளிய விட முடியாதுன்னுட்டாரு. அடையாள அட்டை, போன் எல்லாம் அவர்கிட்டதான் இருக்கு."

போதகர் திரையை விலக்கிப் பார்த்தார். அவர் குடியிருக்கும் வீடும் சபைக் கட்டடமும் முதலாளி கொடுத்தவை. பதிலுக்கு, வாரத்தில் ஒருநாள் அவர் தையல் கூடத்தில் ஜெபம் நடத்த வேண்டும். வேலைக்காரர்கள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அப்போஸ்தலர் எழுதிய பகுதியைத்தான் முதலாளி வாசிக்கச் சொல்வார். எஜமான்களை எச்சரிக்கும் வரிகள் அதற்கடுத்து வரும். அதற்குள் மெஷின்களை ஓட விட்டுவிடுவார்கள்.

"ஓடி வந்த அடிமையை எஜமான்கிட்ட ஒப்படைக்கக் கூடாதுன்னும் வேதத்துல இருக்கே. கல்யாணமான புதுசுல நீங்கதானே வாசிச்சுக் காட்டுனீங்க?"

"அது அந்தக் காலத்துச் சட்டம்."

"அப்போ கீழ்ப்படியறது மட்டும் இந்தக் காலத்துச் சட்டமா?"

அவர் தாழ்ப்பாளை நீக்கினார்.

முதலாளி கத்தவில்லை. "என் புள்ளைங்க மாதிரிதான் வெச்சிருக்கேன், பாஸ்டர்," என்றார்.

சுருட்டை தானாகவே எழுந்து வந்தாள். "விடுங்கக்கா. என்னால உங்களுக்கு எதுக்கு வம்பு?" காரின் பின்சீட்டில் ஏறி, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டாள்.

போதகரின் மனைவி அடுப்பை அணைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தவள், மறுபக்கக் கதவைத் திறந்து சுருட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது?" என்றார் முதலாளி.

"உங்க புள்ளைங்களோட நானும் இருக்கேன். என்னையும் சேத்துப் பூட்டுங்க. ஞாயித்துக்கிழமை சபையில நான் எங்கேன்னு கேப்பாங்க. இவரு பதில் சொல்லட்டும்."

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். டிரைவர் சாவியைத் தொடாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளியின் காது மடல்கள் சிவந்தன.

"பாஸ்டர், உங்க சம்சாரத்தை இறங்கச் சொல்லுங்க. மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படியணும்னு நீங்கதானே பிரசங்கம் பண்றீங்க?"

பண்ணியிருக்கிறார். எத்தனையோ கல்யாணங்களில், மணமக்களின் தலையில் கை வைத்து. இப்போது தெருவில் நின்றுகொண்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல், கார் கதவைப் பார்த்துச் சொன்னார்:

"இறங்கு."

அவள் சுருட்டையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வண்டியை எடுப்பா," என்றாள் டிரைவரிடம்.