மச்சினனுக்கு வந்த நன்றி

பட்டாளத்திலிருந்து திரும்பிய மெக்கானிக்கும் அவருடைய மச்சினனும் ஒரே டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். மச்சினனுக்குச் சண்டையில் ஒரு கால் போயிருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவனின் செயற்கைக் காலைப் பார்த்ததும், வருகிறவர்கள் அவன் கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள். அப்போதெல்லாம் மெக்கானிக்குக்கு வயிறு எரியும். குண்டுமழைக்கு நடுவே லாரி ஓட்டிப்போய் அவனைத் தூக்கிவந்தவர் அவர்தான். கைகால் முழுசாக இருந்ததால் அவரை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

ஒருநாள் கார் டயர் மாற்ற வந்த பெரியவர் ஒருவர் மச்சினனிடம் நன்றி சொல்லிக் கண்கலங்கினார்.

“எனக்கு எதுக்குங்க நன்றி? நான் அடிபட்டுக் கிடந்தேன், அவ்வளவுதான். என்னை உயிரோட கொண்டுவந்தது எங்க மச்சான். அதோ, உங்க காருக்கு அடியில படுத்திருக்காரே, அவர்தான்” என்றான் மச்சினன்.

பெரியவர் வந்து குனிந்து கையை நீட்டினார். “ரொம்ப நன்றிப்பா.”

மெக்கானிக் கிரீஸைத் துடைத்துவிட்டு அந்தக் கையைப் பற்றினார். இத்தனை வருஷமாக ஏங்கிய வார்த்தை, மச்சினன் பார்த்துக் கொடுத்ததாக வந்து சேர்ந்தது.

போகும்போது பெரியவர் மச்சினனின் தோளைத் தட்டினார். “உனக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு, தம்பி.”

மெக்கானிக் மறுபடி வேலையில் குனிந்தார். வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.