தோள் தபால்

அந்தப் பல்செட்டின் கதையை நிறைய பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் ரசித்தார்கள். ஆனால் எப்போதும் பாதியோடு நிறுத்திக்கொள்வேன். முழுவதையும் சொல்வது இதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போனால் அதில் நியாயம் இருக்கிறது.

முப்பத்து நான்கு வயதில் வேலையை விட்டுவிட்டு, முதுகில் ஒரு பையோடு தனியாக மலை ஊர்களைச் சுற்றக் கிளம்பினேன். "பால் வாங்கிட்டு வரச் சொன்னா, பாலைத் தவிர எல்லாத்தையும் வாங்கிட்டு வர்ற ஆளு நீ" என்று அக்கா வழியனுப்பி வைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. அக்காவுக்கு என்னைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். பழகுவதில் நான் கெட்டிக்காரன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் இறங்குவதற்குள் அவருடைய மருமகன் சரியில்லை என்பது வரை எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த மழைக்காலத்தில் மண் சரிந்து மூன்று ஊர்களுக்கு இடையே சாலை போய்விட்டது. பேருந்து இல்லை. மலை முகட்டில் ஓடும் நடைபாதை ஒன்றுதான் வழி. நடந்து போகிறவர்கள் தங்கும் விடுதிகளின் வாசலில் ஒரு மரப்பலகை இருக்கும். அடுத்த ஊருக்குப் போக வேண்டிய பொருட்களை ஊர்க்காரர்கள் அதில் வைத்துவிடுவார்கள். மாத்திரை, சாவி, மூக்குக்கண்ணாடி, ஒரு தடவை ஒற்றைச் செருப்பு. அந்தப் பக்கம் போகிறவர் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வார். கையெழுத்து கிடையாது, நோட்டு கிடையாது. தோள் தபால் என்று அதற்குப் பெயர்.

முதல் ஊரில் பல்செட் செய்கிறவர் ஒருவர் இருந்தார். மூன்று ஊருக்கும் அவர் ஒருவர்தான். வழக்கம்போல நானாகப் போய்ப் பேச்சுக் கொடுத்து, ஒரு பகல் முழுவதும் அவருடைய வேலை அறையில் உட்கார்ந்திருந்தேன். ஒற்றை அறை. சுவர் முழுக்கச் சுண்ணத்தில் வார்த்த தாடைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுச்சீட்டு. சின்ன ராட்டினம் போன்ற இயந்திரத்தில் ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்ப்பதும், கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பதும், மறுபடி தேய்ப்பதுமாக இருந்தார்.

மறுநாள் புதன்கிழமை. விடுதிக்கு வந்த பல்செட்காரர், கையில் இருந்த டப்பாவைப் பலகையில் வைக்கவில்லை. என்னிடம் நேராக வந்தார். மூன்றாவது ஊர் பேருந்து நிலையத்தில் முப்பது வருடமாக மைக்கில் பேருந்து நேரம் அறிவிக்கிறவர் ஒருவருக்குச் செய்த பல்செட் அது. பல்லையெல்லாம் எடுத்ததிலிருந்து அந்த மனிதர் மைக் பக்கமே போவதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம்.

"அளவு எடுத்தப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. பொண்ணு கல்யாணத்துல வாயை மூடிக்காம சிரிக்கணும்னு. சனிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க தம்பி" என்றார். உள்ளே வைத்திருந்த ஈரப் பஞ்சு காயக் கூடாது, தினமும் நனைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

இரண்டு நாள் நடை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிடலாம்.

வியாழன் சாயங்காலம் நடு ஊருக்கு வந்தேன். ரொட்டிக்கடை நடத்தும் ஒரு புருஷன் பெண்டாட்டி வீட்டு மாடியில் இடம் கிடைத்தது. சாப்பாட்டு மேஜையில் எங்களோடு இன்னொரு ஆளும் இருந்தாள். என்னைப் போலவே தனியாக நடக்கிற, மஞ்சள் மழைக்கோட்டுப் பெண். பையில் என்ன இவ்வளவு பத்திரம் என்று ரொட்டிக்கடைக்காரர் கேட்டார். கல்யாணத் தேதியைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "ஒரு மனுஷனோட சிரிப்பைத் தூக்கிட்டுப் போறேன்" என்று முடித்தேன். அந்த வரி எனக்கு எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. கடைக்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு இன்னொரு கரண்டி சூப் ஊற்றினார். அதோடு என் புத்தி கெட்டது.

தன் தம்பி குடும்பம் நாளை வருகிறது, இந்தக் கதையை அவர்களும் கேட்க வேண்டும் என்று அந்த அம்மா சொன்னார். ஒரு நாள்தானே, சனிக்கிழமை விடியலில் கிளம்பினால் சாயங்காலம் கொடுத்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். வெள்ளி காலை மஞ்சள் கோட்டுப் பெண் பையைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நான் இப்பவே கிளம்புறேன்ணா. நீங்க இருந்துட்டு வாங்க. டப்பாவை வேணும்னா என்கிட்ட குடுங்க."

"இல்லம்மா. என்னை நம்பிக் குடுத்திருக்காரு. நானே கொண்டுபோய்க் குடுக்கிறதுதான் மரியாதை" என்றேன்.

நான் பாதியோடு நிறுத்துவது இந்த இடத்தில்தான். மரியாதையாவது மண்ணாவது. டப்பா அவளோடு போய்விட்டால் ராத்திரிச் சாப்பாட்டில் சொல்ல என்னிடம் என்ன மிஞ்சும்? அது மட்டும்தான் காரணம். "நீங்க பின்னாலேயே வர்றீங்கன்னு அங்க சொல்லிடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் போனாள்.

அன்று ராத்திரி தம்பி குடும்பத்துக்குக் கதை சொன்னேன். டப்பாவைத் திறந்தும் காட்டினேன். எல்லோர் எதிரிலும் பஞ்சை நனைத்தேன். ஒரு நாள் தவறாமல் நனைத்தேன், அதில் குறை சொல்ல முடியாது. சனிக்கிழமை விடியும்போது மழை. நடக்க முடியாத மழை இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது நாலைந்து பேர் கோட்டை மாட்டிக்கொண்டு போய்க்கொண்டுதான் இருந்தார்கள். கொஞ்சம் விடட்டும் என்று உட்கார்ந்தேன். மத்தியானம் பக்கத்து வீட்டு வாத்தியார் கதை கேட்க வந்தார். சொன்னேன். சிரிப்பைத் தூக்கிக்கொண்டு போகிற வரியும் வந்தது.

வாத்தியார் ரசித்துக் கேட்டுவிட்டு, "கல்யாணம் என்னைக்கு?" என்றார்.

"நாளைக்கு."

ரொட்டிக்கடைக்காரர் கையில் இருந்ததைத் தட்டில் வைத்தார். "அப்ப நீங்க இன்னும் இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார். திட்டவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அந்த அம்மா எழுந்துபோய் என் பையை எடுத்துவந்து வாசலில் வைத்தார்.

தலைதெறிக்க ஓடினேன். பாதி வழியில் இருட்டிவிட்டது. நடுவில் இருந்த தங்கல் குடிசையில் படுத்தேன். ஞாயிறு காலை எழுந்தால் கால் வைக்கும் இடம் தெரியாத பனி. அது விலகப் பத்து மணி ஆயிற்று. கல்யாணமே பத்து மணிக்கு. இரண்டு தடவை சறுக்கி விழுந்து, முழங்கால் தேய்ந்து, சாயங்காலம் நாலு மணிக்கு அந்த ஊர் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுக்குகிறவர்களில் மஞ்சள் கோட்டுப் பெண்ணும் ஒருத்தி. கல்யாணத்துக்கு இருந்துவிட்டுப் போ என்று அவளைப் பிடித்து வைத்துக்கொண்டார்களாம். என்னைப் பார்த்தாள், கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள், உள்ளே போய் மணப்பெண்ணின் அப்பாவைக் கூட்டிவந்தாள்.

"வெள்ளிக்கிழமையிலேருந்து மலைப்பாதை முனையில போய்ப் போய் நின்னாரு. நீங்க வந்துட்டே இருக்கீங்கன்னு நான்தான் சொன்னேன்" என்று என் காதருகே சொன்னாள். அவள் வாக்கையும் சேர்த்துப் பொய்யாக்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒல்லியான மனிதர். புதுக் கோட்டு, கையில் கசங்கிய கைக்குட்டை. அதை வாயில் வைத்துக்கொண்டே முதலில் சாப்பிட்டீர்களா என்று என்னைக் கேட்டார். நான் டப்பாவை நீட்டினேன். அவரே, மழை பெரிதாகத்தானே இருந்தது என்றார்.

"ஆமாங்கய்யா. சரியான மழை" என்றேன். அவர் போட்ட பிச்சையை அப்படியே கையேந்தி வாங்கிக்கொண்டேன்.

குழாயடியில் பல்செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டார். இரண்டு தடவை கடித்துப் பார்த்தார். மண் சரியாத மறுபக்கச் சாலையில் போகும் மத்தியானப் பேருந்தில் மகள் மாப்பிள்ளையோடு போய்விட்டாளாம். தன் போனில் கல்யாணப் படங்களைக் காட்டினார். எல்லாப் படத்திலும் வாயில் கைக்குட்டை. ஒன்றில் மகள் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்துக் கீழே இழுக்கப் பார்க்கிறாள். அவர் விடவில்லை. நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று ஒவ்வொரு படத்துக்கும் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு பல்செட் செய்தவருக்குப் போன் போட்டார். வார்த்தை ஒவ்வொன்றும் கணீரென்று விழுந்தது, மைக்கில் பேசிப் பழகிய குரல்.

"வெள்ளிக்கிழமையே வந்துடுச்சுங்க. அளவு கச்சிதம். எல்லாரும் பாத்தாங்க."

நான் விழித்ததைப் பார்த்துப் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "லேட்டுன்னு தெரிஞ்சா இனிமே அவரு யாரை நம்பிக் குடுத்தனுப்புவாரு தம்பி? இன்னும் எத்தனை பேரு காத்திருக்காங்க" என்றார். அப்புறம் போனை என் கையில் கொடுத்தார்.

"உங்க முகத்தைப் பாத்ததுமே நம்பலாம்னு தெரிஞ்சுது தம்பி" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "கல்யாணத்துல அவரு சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ மட்டும் அனுப்பச் சொல்லுங்க. அறையில மாட்டி வைக்கணும்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் அமையாது. "சரிங்க" என்றேன்.

அவர் கோட்டுப் பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டு மண்டப வாசலில் போய் நின்றார். பாதி அவிழ்த்த அலங்காரம் தெரியாதபடி எடுக்கச் சொன்னார். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றிருந்தார், காலையில் மகளோடு நின்ற பழக்கம். நடுவில் வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சிரித்தார். நான் எடுத்தேன்.

மறுநாள் காலை நானும் மஞ்சள் கோட்டுப் பெண்ணும் விடுதி வாசலில் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் அடுத்த மலைதான். அவர் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தார். அந்த மலையில் இருக்கும் அவருடைய தங்கைக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அதனால்தான் கல்யாணத்துக்கு வரவில்லை, இந்தச் சொட்டு மருந்து நாளைக்குள் போய்ச் சேர வேண்டும் என்றார்.

நான் முந்திக்கொண்டு கையை நீட்டினேன். எங்கும் நிற்க மாட்டேன், யாரிடமும் பேச மாட்டேன், ஓடியே போவேன் என்றெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். "நானும் அங்கதான் போறேன் ஐயா. என்கிட்ட குடுங்க" என்றேன்.

அவர் பொட்டலத்தை அந்தப் பெண்ணின் கையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, என் தோளைத் தட்டி, பல்லெல்லாம் தெரிய நல்லபடியாகச் சிரித்தார்.

"நீங்க நிதானமா சுத்திப் பாத்துட்டுப் போங்க தம்பி" என்றார்.