கல்லீரல் ஓரத்துக் கறுப்பு

ஸ்கேன் சென்டரில் கொடுத்த சிடியை லிஃப்ட் மெக்கானிக் தன் பழைய கணினிக்குள் தள்ளியபோது, மனைவி தையல் கடைக்குக் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. படம் பார்க்கும் மென்பொருளும் சிடியிலேயே இருந்தது. திறந்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு நீள்வட்டம். மவுஸ் சக்கரத்தை உருட்டினார். வட்டத்துக்குள் உருவங்கள் மாறின. ரொட்டியைத் துண்டு போட்டதுபோல அவளுடைய வயிறு நானூறு படங்களாக அதற்குள் இருந்தது.

அன்று சனிக்கிழமை. ரிப்போர்ட் திங்கட்கிழமைதான் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை பொறுக்க அவருக்கு மனசு வரவில்லை. இருபது வருடமாக லிஃப்ட் பழுது பார்ப்பவர். எது எந்த மாடியில் முனகினாலும் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தால் கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். வலது விலாவுக்குக் கீழே ஒரு மாதமாக வலிக்கிறது என்று அவள் சொல்வதுதான் பிடிபடாமல் இருந்தது. இதையும் மேலிருந்து கீழே உருட்டினார். நுரையீரலின் அடிப்பகுதி வந்து போனது. பிறகு கல்லீரல். இணையத்தில் ஒரு படத்தை வைத்து ஒப்பிட்டு அதை உறுதி செய்துகொண்டார். அதன் ஓரத்தில் வழவழவென்று, முட்டை அளவுக்கு ஒரு கறுப்பு. உருட்ட உருட்டச் சிறுத்து மறைந்தது. திரும்பி வந்தால் அங்கேயே இருந்தது. அவருடைய அண்ணன் கல்லீரலில் கட்டி வந்து நாலே மாதத்தில் போய்ச் சேர்ந்தவர். மெக்கானிக் அந்தப் படத்தின் எண்ணை ஒரு சீட்டில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவளிடம் மூச்சு விடவில்லை. ஆனால் நடத்தை காட்டிக்கொடுத்தது. கேட்காமலே துணி துவைத்துக் காயப்போட்டார். "உன் தங்கச்சி வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வரலாமா?" என்று அவராகவே கேட்டார், கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் நடக்காத காரியம்.

அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்னங்க, என்ன தப்பு பண்ணிட்டு வந்திருக்கீங்க?"

"ஏன், பொண்டாட்டிக்கு ஒரு நல்லது பண்ணக்கூடாதா?"

"பண்ணலாம். ஆனா நீங்க பண்ண மாட்டீங்களே."

ஞாயிறு மாலை அவள் தூங்கி எழுந்து வந்தபோது அவர் மறுபடி அந்தக் கறுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பதறி மூடப் போனார். நிஜமாகவே மூட வேண்டுமா என்று மென்பொருள் நிதானமாகக் கேட்டது. அதற்குள் அவள் படத்தின் மூலையில் இருந்த தன் பெயரைப் படித்துவிட்டாள். வேறு வழியில்லாமல் சொன்னார்.

"ரெண்டு நாளா இத நெஞ்சுல வச்சுக்கிட்டா சுத்திட்டிருந்தீங்க?"

"உன்ன எதுக்கு பயமுறுத்தணும்னு..."

"வயிறு என்னோடதுங்க. பயந்தா நாந்தானே மொதல்ல பயப்படணும்?"

மறுநாள் ஸ்கேன் சென்டர் திறந்ததும் இருவரும் போய் நின்றார்கள். படம் பார்க்கும் டாக்டர் ஒரு இளம்பெண். மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். "டாக்டர், எரநூத்திப் பதினாலாவது படம். கல்லீரல் ஓரத்துல."

டாக்டர் அவர்களை அரையிருட்டு அறைக்குள் அழைத்துப்போனாள். பெரிய திரையில் அதே கறுப்பு இன்னும் துல்லியமாக நின்றது. டாக்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"சார், இது பித்தப்பை. உள்ள பித்தநீர் இருக்கறதால கறுப்பா தெரியுது. உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு."

மெக்கானிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பித்தப்பையப் பாத்துட்டா பித்துப் பிடிச்சு அலைஞ்சீங்க?" என்றாள் மனைவி. மூவருமே சிரித்துவிட்டார்கள். அவருக்குக் கண்ணில் நீர் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் மனைவிதான் கேட்டாள். "அப்போ வலி?"

"நான் இன்னும் முழுசா பாக்கலம்மா. இப்பதான் பாக்கப்போறேன். வெளிய உக்காருங்க, கூப்பிடறேன்."

மெக்கானிக் கதவைப் பார்த்துத் திரும்பினார். மனைவி நகரவில்லை.

"இங்கயே உக்காந்து பாக்கறேன் டாக்டர். எதுவா இருந்தாலும் இந்தத் தடவ நான் மொதல்ல தெரிஞ்சுக்கறேன்."

டாக்டர் தயங்கினாள். பிறகு ஒரு ஸ்டூலைத் தன் பக்கமாக இழுத்துப் போட்டாள். மெக்கானிக் பின்னால் நின்றுகொண்டார். படம் மேலிருந்து மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. மனைவி ஸ்டூலில் உட்கார்ந்தபடி முன்னால் குனிந்தாள். திரையில் அவள் முகம் மங்கலாக விழுந்தது. அந்த முகத்துக்குள்ளே அவளுடைய எலும்பும் ஈரலும் குடலும் சாம்பல் நிறத்தில் ஒவ்வொன்றாகக் கடந்து போய்க்கொண்டிருந்தன.