குளிரில் கூடியவை

இனிமேல் புற்றுநோய்க்கான ஊசி வேண்டாம் என்று அண்ணன் சொன்ன அன்றுதான் அவள் வாயைத் திறந்தாள். லேசில் திறக்க மாட்டாள். வீட்டில் அவளுக்கு ஊமச்சி என்றே பெயர்.

"நிறுத்தாதேண்ணா. உன் ரத்தத்தை எங்க லேப்ல பார்த்தேன். மருந்து வேலை செய்யுது."

"ஊமச்சியே சொல்லிட்டா, அப்புறம் என்ன?" என்றாள் அண்ணி.

அந்தப் பேச்சை நம்பி அவன் அடுத்த ஊசிக்குக் கையை நீட்டினான். அதன்பின் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தான்.

அவள் பொய் சொல்லவில்லை. நோயெதிர்ப்புச் செல்லைச் சுற்றி இருப்பது கொழுப்பாலான மெல்லிய படலம். எதிரியைக் கண்டுபிடிக்கும் ஏற்பிகள் அதில் மிதந்துகொண்டிருக்கும். புற்றுச்செல் வந்து ஒட்டினால், அந்த இடத்தில் கொழுப்பு நெருங்கித் திட்டாகும். ஏற்பிகள் அதில் வந்து கூடும். கூடினால்தான் செல் விழித்துக்கொண்டு தாக்கும். அப்படிக் கூடவைப்பதுதான் ஊசி மருந்தின் வேலை. டியூபில் புற்றுச்செல்லோடு சேர்த்துப் பார்த்தபோது அண்ணனின் செல்களில் அவை கூடியிருந்தன. சாயமேற்றிய ஏற்பிகள் பச்சைப் பொட்டுகளாக மின்னியதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

மைக்ராஸ்கோப்பில் எடுத்த அந்தப் படத்தை லேபில் பக்கத்து மேசைக்காரனிடம் காட்டினாள். தடித்த கண்ணாடி போட்டவன். லேபில் அவனைச் சோடாபுட்டி என்பார்கள்.

"மைக்ராஸ்கோப் கிடைக்கிற வரைக்கும் டியூபை எங்க வெச்சிருந்தே?"

"ஐஸ்ல. கெட்டுடக் கூடாதுன்னு."

மற்றவர்கள் ரத்தத்தை அவள் அப்படிப் பொத்திப் பொத்தி வைத்ததில்லை.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "குளிர்ல தேங்காய் எண்ணெய் உறையுதுல்ல? படலமும் அப்படித்தான் இறுகும். ஏற்பி எல்லாம் தானா ஒண்ணு சேரும். எதிரியே வேண்டாம். புற்றுச்செல் போடாத டியூபைப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். அதிலும் அதே பச்சைப் பொட்டுகள்.

மீதி ரத்தத்தை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, புற்றுச்செல்லோடு சேர்த்து, மறுபடி செய்தாள். ஏற்பிகள் திக்குக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன. சோடாபுட்டி எட்டிப் பார்த்தான். தன் டீயை அவள் பக்கம் நகர்த்திவைத்தான்.

வீட்டில் அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காலடியில் வாளி. அண்ணி மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் போட்டுக்கறேன்டி. நீதான் பார்த்துட்டியே," என்றான் அண்ணன் அவளிடம்.

"தப்பாப் பார்த்துட்டேண்ணா."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் அவன் கேட்டான்: "அப்ப இவ்வளவு நாள் வாந்தி எடுத்தது?"

அவள் வாளியைக் கழுவ எடுத்தாள்.

"பேருக்கேத்த மாதிரி அன்னைக்கே வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அண்ணி அவளைப் பார்க்கவே இல்லை. பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, திரும்ப அலமாரியில் அடுக்கினாள்.