சுவரில் பெயர் உள்ளவர்கள்

என் மனைவி ஜெயக்கொடி கப்பலில் வேலைக்குச் சேர வேண்டும் என்று டிக்கெட் கவுண்டரில் சொன்னார்கள். கப்பல் மாலை ஐந்தரைக்குப் புறப்படும். நாங்கள் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தோம்.

கவுண்டரில் இருந்த பெண் எனக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள். ஜெயக்கொடிக்கு ஒரு வெள்ளைத் தொப்பி கொடுத்தாள்.

"அவங்களுக்கு டிக்கெட்?" என்றேன்.

"வேலை பாக்குறவங்களுக்கு டிக்கெட் கெடையாது சார்."

"என்ன வேலை?"

"கப்பலத் திருப்புற சக்கரத்தப் பிடிக்கணும்."

"அவளுக்கு ஸ்கூட்டியே ஓட்டத் தெரியாதும்மா."

"ஸ்கூட்டி இங்க இல்ல சார்."

ஜெயக்கொடி தொப்பியைத் தலையில் வைத்துப் பார்த்தாள். "அளவு சரியா இருக்குல்லங்க?" என்று கேட்டாள். சரியாகத்தான் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அந்தக் கப்பல் கோட்டையின் நடு முற்றத்தில் நின்றது. பழைய போர்க்கப்பல். பதினாறு சிமெண்ட் தூண்களின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். கடல் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர். நான் இதையும் கவுண்டரில் எடுத்துச் சொன்னேன்.

"கடல் அஞ்சே காலுக்கு வந்துரும் சார்" என்றாள் அந்தப் பெண். பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சீக்கிரம் நகரச் சொன்னார்கள்.

"எதுக்கு இவள மட்டும்?"

"அவங்க பேரு சொவத்துல இருக்கு. இருபத்தஞ்சு வருசம் தாண்டுனா ஆள் கோட்டைக்குச் சொந்தம். உங்க பேரு இல்ல. நீங்க சுற்றுலாப் பயணி." சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொல்வது மாதிரி கடைசி வார்த்தையைச் சொன்னாள்.

தப்பு என்னுடையதுதான். கல்யாணமான எட்டாம் நாள் திருமங்கலத்திலிருந்து ஒரு சுற்றுலா பஸ்ஸில் இந்த உப்பாற்றுத்துறைக் கோட்டைக்கு வந்தோம். சும்மா இருக்கிற சுவரைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கை அரிக்கும். எனக்கும் அரித்தது. வெடிமருந்து அறைச் சுவரில், வீட்டுச் சாவியால், ஜெயக்கொடி என்று செதுக்கினேன். ஒரு மணி நேரம் ஆனது. பெருவிரல் உள்ளே போகிற ஆழம். அந்தச் சாவி அதற்குப் பிறகு பூட்டில் ஒழுங்காகச் சேரவே இல்லை.

"உங்க பேரு எழுதலையா?" என்று ஜெயக்கொடி கேட்டாள். அதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. "அடுத்த தடவ வரும்போது எழுதிக்கிறேன்" என்றேன்.

அந்த அடுத்த தடவைக்கு இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. இடையில் ஸ்கூட்டி கற்றுக்கொள்கிறேன் என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் இதே பதிலைத்தான் வேறு மாதிரி சொன்னேன்.

கோட்டை அதிகாரியைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் அரண்மதிலின் மேல் ஒரு பீரங்கிக்குள் இருந்தார். தலை மட்டும் பீரங்கியின் வாய் வழியாக வெளியே தெரிந்தது. ஒரு குடும்பம் பீரங்கி மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் இறங்கும்வரை காத்திருந்தோம். அதுதான் மரியாதை.

"அய்யா, என் மனைவிய விட்ருங்க" என்றேன்.

"பேரு ஆழமா இருக்கே."

"நான்தான் எழுதுனேன்."

"நல்ல கையெழுத்து."

"அப்ப என்னையும் கூட அனுப்புங்க."

"உங்க பேரு எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல."

"இல்லாத ஆள எப்படி அனுப்புறது?"

எனக்கு அழுகை வந்தது, ஆனால் சுற்றிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றார்கள். ஜெயக்கொடி பையைத் திறந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். அதிகாரியால் கையை வெளியே எடுக்க முடியாது. அவளே உருட்டி நான்கு வாய் ஊட்டினாள்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார்.

"அவசரத்துல கெளம்புனோங்க" என்றாள் அவள்.

அவர் மென்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சோறு போட்டுட்டாங்க, அதனால சொல்றேன். அஞ்சரைக்குள்ள உங்க பேரும் சொவத்துல ஏறிட்டா ரெண்டு பேரும் போகலாம். ஏறலன்னா அவங்க மட்டும்."

"எழுதக்கூடாதுன்னு போர்டு இருக்கே?"

"அத நான் பாத்துக்குறேன். சொவரு ஒத்துக்கணும். அது என் கையில இல்ல." அவருக்குக் கையே வெளியே இல்லை. ஆகையால் நம்பினேன்.

அப்போது மணி நாலேகால். வெடிமருந்து அறைக்கு ஒரு நீண்ட நடைவழி உண்டு. முன்பு வந்தபோது நாற்பது அடி இருந்தது. இப்போது புதுமண ஜோடிகள் வழியெங்கும் நின்று போட்டோ எடுத்தார்கள். "முழுசா விழல, இன்னும் கொஞ்சம் பின்னாடி" என்று ஒருவன் சொன்னான். நடைவழி கொஞ்சம் பின்னால் போனது. "இன்னும் கொஞ்சம்" என்றான் அடுத்தவன். அது மறுபடி போனது. தயவுசெய்து நடைவழியை முன்னால் வரச் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். ஒருத்தி மட்டும் "அங்கிள், ஒரே ஒரு போட்டோ எடுத்துத் தாங்க" என்று போனை என் கையில் கொடுத்தாள். எடுத்தேன். முழுதாக விழவில்லை. பின்னால் போகச் சொன்னேன்.

வெடிமருந்து அறையை அடைந்தபோது மணி ஐந்து பத்து.

அவள் பெயர் வளர்ந்திருந்தது. ஜெ என்ற எழுத்தே ஆளுயரம் இருந்தது. சுற்றிலும் வேறு ஆட்களின் பெயர்கள் ஒதுங்கி இடம் விட்டிருந்தன. ஜெயக்கொடி அதற்குள் கையை விட்டுப் பார்த்தாள். முழங்கைவரை போனது.

"எம்புட்டு ஆழமா எழுதியிருக்கீங்க" என்றாள்.

"அப்ப ஆச இருந்துச்சு" என்றேன்.

அவள் கையை வெளியே எடுத்தாள். இப்பவும் இருக்கு என்று நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. கப்பலில் ஏறியதும் சொல்லிக்கொள்ளலாம், இப்போது நேரமில்லை என்று விட்டுவிட்டேன்.

அதே சாவியை எடுத்தேன். என் பெயர் பூமிராஜன். பூ செதுக்கினேன். சுவர் நன்றாக இடம் கொடுத்தது. மி செதுக்கத் தொடங்கினேன். திரும்பிப் பார்த்தபோது பூ மூடிக்கொண்டிருந்தது, தோசை மாவில் கோடு போட்ட மாதிரி. மறுபடி பூ எழுதினேன். அதற்குள் மி மூடிக்கொண்டது.

காவலாளி ஒருவர் வந்தார். "அம்மா, கடல் வந்துருச்சு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடல் பிரதான வாசல் வழியாக வரிசையில் வந்துகொண்டிருந்தது. கவுண்டர் பெண் அதற்கும் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் முதல் ஐந்து தூண்கள் நனைந்திருந்தன.

ஜெயக்கொடி செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "கப்பல்ல செருப்போட ஏறக்கூடாதாம்" என்றாள்.

"நீ போ. நான் எழுதிட்டு வந்துர்றேன்."

"சரிங்க."

"கட்டாயம் வந்துருவேன்."

"தெரியும்ங்க" என்றாள். எத்தனையோ முறை கேட்ட குரல்தான் அது. நான் கையாலாகாதவன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அவள் முற்றத்தில் இறங்கி நடப்பது ஜன்னலில் தெரிந்தது. கப்பலின் முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள். நான் இடது கையில் செருப்போடு, வலது கையில் சாவியோடு எழுதினேன். பூ. மூடிக்கொண்டது. வேகமாக எழுதினால் வேகமாக மூடிக்கொண்டது. மெதுவாக எழுதினால், எழுதும்போதே மூடிக்கொண்டது.

"அவ பேரு மட்டும் எப்படி நின்னுச்சு?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"அன்னைக்கு வேற வேலையே இல்லாத மாதிரி எழுதியிருக்கீங்க சார்."

ஐந்தரைக்குக் கப்பல் தூண்களை விட்டு எழும்பியது. ஜெயக்கொடி மேல் தளத்தில் சக்கரத்தைப் பிடித்திருந்தாள். வலது பக்கம் ஒரு சுற்று. இடது பக்கம் அரைச் சுற்று. கோட்டை வாசலில் இடிக்காமல், பஜ்ஜிக் கடைக்காரரின் குடையைக்கூடத் தொடாமல் கொண்டுபோனாள். யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் பார்க்கக் கூடாது. எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஜெயா, இப்பவும் இருக்கு!" என்று ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்.

கப்பல் வாசலைத் தாண்டிவிட்டது. கடலும் கூடவே வெளியேறிக்கொண்டிருந்தது. தொப்பி ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது.

"என்ன சார் இருக்கு?" என்று காவலாளி கேட்டார்.

"ஆச."

"அப்படியா" என்றார். ஜன்னலைச் சாத்தினார். பெருக்குகிறவரிடம் இந்த அறையைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். "மூடப் போறோம் சார். அடுத்த தடவ வரும்போது எழுதிக்கங்க."

நான் செருப்பைச் சுவரோரம் ஜோடியாக வைத்தேன். இரண்டு கையாலும் சாவியைப் பிடித்துக்கொண்டு பூ எழுதினேன். அது மூடிக்கொண்டது. பூ எழுதினேன்.